நீதிமன்றமும் குடிமக்கள் கடமையும்

கிழக்கிலங்கையின் கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றில் ஆண்டுதோறும் வைகாசித் திங்களில் ஒரு பழைய வழக்கு மீண்டும் கேட்கப்படுகின்றது. கண்ணகி வழக்குரை என்னும் நூல் அங்கு ஓதப்பெறும்; ஊரவர் கூடியிருந்து கேட்பர். மதுரை மன்றில் நேர்ந்த பிழை யாதென்பது அக்கூட்டத்திலுள்ள சிறுவருக்கும் தெரியும். பொற்கொல்லன் ஒருவன் பொய் சொன்னான். அரசன் அதனை ஆராயாது ஆணையிட்டான். குற்றஞ் சாட்டப்பட்டவன் தன் பக்கத்தை எடுத்துரைக்க இடமின்றியே உயிரிழந்தான். பின்னர் அவன் மனைவி கையிற் சிலம்புடன் மன்றேறி, சான்று காட்டி வழக்குரைத்தாள்.

இக்கதையிலே கருதத்தக்கது ஒன்றுண்டு. நீதி முதலில் ஒரு குடிமகன் சொன்ன பொய்யினாற் கெட்டது. பின்னர் வேறொரு குடிமகள் கொணர்ந்த மெய்யினால் வெளிப்பட்டது. இவ்விரண்டிற்கும் நடுவே ஆராயும் கடமை அரசனுக்கு இருந்தது. அதனை அவன் செய்யத் தவறினான். எந்த மன்றமும் உண்மையைத் தானே விளைவித்துக் கொள்ள மாட்டாது. உண்மையைக் குடிமக்கள் கொண்டுவந்து கொடுத்தல் வேண்டும். தாம் கொணர்வது ஆராயப்படும், கொணர்ந்தவர் காக்கப்படுவர் என்னும் நம்பிக்கை இருந்தாலன்றிக் குடிமக்களும் அதனைக் கொண்டுவரார். நீதிமன்றத்தின்மீது கொள்ளும் நம்பிக்கையும் குடிமக்களின் கடமையுணர்ச்சியும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்று சரிந்தால் மற்றதும் நில்லாது.

இன்று இலங்கையில் மன்றிலிருந்து முறை வழங்கும் அரசன் இல்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, இறைமை மக்களிடமே உள்ளது என்றும், அதனை எவருக்கும் கையளித்துவிட முடியாது என்றும் 3ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. 4ஆம் உறுப்புரையோ, நீதி வழங்கும் அதிகாரமும் மக்களுடையதே என்றும், அது நீதிமன்றங்களின் வாயிலாகச் செலுத்தப்படும் என்றும் வகுத்துரைக்கின்றது. எனவே நீதிபதி தமது ஆசனத்திலிருந்து செலுத்தும் அதிகாரம் மக்களிடமிருந்து பெற்ற அடைக்கலப் பொருள் எனலாம்.

அதே அரசியலமைப்பு 28ஆம் உறுப்புரையிலே குடிமக்களின் கடமைகளையும் எண்ணிக் கூறுகின்றது. அரசியலமைப்பையும் சட்டத்தையும் பேணுதல், மேற்கொண்ட தொழிலை மனச்சான்றோடு செய்தல், பொதுச் சொத்தைக் காத்து அதன் வீண்விரயத்தை எதிர்த்தல், பிறருடைய உரிமைகளை மதித்தல், இயற்கையையும் அதன் வளங்களையும் காத்தல் என்பன அவற்றுட் சில. ஆனால் அடுத்து வரும் 29ஆம் உறுப்புரை, இக்கடமைகளை எந்த நீதிமன்றமும் வலிந்து செய்விக்க முடியாது என்று கூறிவிடுகின்றது. ஆகவே இக்கடமைகளுக்குக் காவலாக நிற்பது குடிமக்களின் மனச்சான்று ஒன்றுதான்.

பொதுச் சொத்து என்பது யாது? இதற்கு விடை காண விரும்புவோர் சீனன்குடாவுக்குச் செல்லலாம். திருகோணமலை உட்துறைமுகத்தின் மேற்குப் புறத்தே அமைந்தது அவ்வூர். புகையிரத நிலையம், விமானத்தளம், மா ஆலை, மீனவர் குடியிருப்புகள் ஆகியவற்றுக்கு அப்பால், காட்டினூடே பெரும் இரும்புக் குதங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பிரித்தானியக் கடற்படையின் தேவைக்காக அமைக்கப்பட்ட எண்ணெய்க் குதங்கள் அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளும். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. எண்ணெய்க் குதமொன்றும் எரிந்தழிந்தது. 1957ஆம் ஆண்டு திருகோணமலைக் கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. எஞ்சி நிற்கும் 99 குதங்களுட் பெரும்பாலானவை நெடுங்காலம் பயனின்றியே கிடந்தன.

அக்குதங்களை யார் பயன்படுத்துவது என்பது நாட்டின் பெரும் வினாக்களுள் ஒன்றாயிற்று. 1987ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலும் இவ்விடயம் இடம்பெற்றது. 2003ஆம் ஆண்டில் இந்தியன் ஒயில் நிறுவனத்தோடு ஓர் ஒழுங்கு செய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டு சனவரியிற் புதிய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன்படி 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், மீதி 61 குதங்கள் அவ்விரண்டும் கூடி அமைக்கும் கம்பனிக்கும் என வகுக்கப்பட்டன. கூட்டுக் கம்பனியிற் கூட்டுத்தாபனத்தின் பங்கு நூற்றுக்கு 51.

இவ்வுடன்படிக்கையை எதிர்த்து 2022ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. உடன்படிக்கை நாட்டிற்கு நன்றா தீதா என்பதிற் கற்றறிந்தோரிடையேயும் இரு கருத்து உண்டு. அதனைத் தீர்ப்பது இப்பேச்சின் நோக்கமன்று. தம் பெயரில் எவ்வித உறுதியும் இல்லாத ஒரு பொருளைப் பற்றி, ‘இது எமக்கும் உரியது, இதனைக் கையளித்தவர் எமக்குக் கணக்குக் காட்ட வேண்டும்’ என்று குடிமக்கள் மன்றேறிக் கேட்டனர் என்பதே இங்குக் குறிக்கத்தக்கது. மனுவில் வெற்றி பெற்றாலும் பெறாவிடினும், அவ்வாறு கேட்பதே ஒரு கடமையின் நிறைவேற்றம் ஆகும்.

அத்தகைய கேள்விக்கு மன்றம் செவிசாய்த்தமைக்கு இந்நாட்டிற் சான்றுகள் உள. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலுள்ள பொசுபேற்றுப் படிவை அகழ்ந்தெடுப்பதற்கு அரசாங்கம் வெளிநாட்டுக் கம்பனியொன்றோடு உடன்படிக்கை செய்ய முற்பட்டது. அப்பகுதியைச் சேர்ந்த எழுவர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். தம் வயல்களும் வீடுகளும் பழங்குளங்களும் அழியும் என்பது அவர்கள் முறைப்பாடு. 2000ஆம் ஆண்டு யூன் 2ஆந் தேதி வழங்கப்பட்ட தீர்ப்பு, நாட்டின் இயற்கை வளங்கள் மக்களுக்குரியன, ஆட்சியிலிருப்போர் அவற்றின் காப்பாளரேயன்றி உடைமையாளர் அல்லர் என்னும் கொள்கையை வலியுறுத்தியது. சுற்றாடற் பாதிப்பு முறையாக ஆராயப்படுமுன் அவ்வுடன்படிக்கையைச் செய்யலாகாது என்றும் கட்டளையிட்டது. கமக்காரரும் ஊரவரும் கேட்ட ஒரு கேள்வி நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று.

அக்கொள்கையே பின்னரும் பயன் தந்தது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். அந்தப் பொருளாதார வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு என்று குடிமக்கள் சிலரும் பொது அமைப்பொன்றும் உயர் நீதிமன்றத்தைக் கேட்டனர். 2023ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் தேதி, ஐந்து நீதியரசர்களுள் நால்வர், முன்னைய சனாதிபதி ஒருவரும் முன்னைய பிரதமரும் நிதியமைச்சரும் உயர் அதிகாரிகள் சிலரும் மக்கள் தம்மிடம் வைத்த நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் எனத் தீர்த்தனர். தீர்ப்பினால் எவருடைய அடுப்பும் அன்றே எரிந்துவிடவில்லை. ஆயினும், ஆட்சிப்பீடத்தில் இருந்தோரும் மன்றின் முன் விடைகூற வேண்டியவர் என்பது பதிவாயிற்று.

இனி இதன் மறுபுறத்தையும் பார்த்தல் வேண்டும். அடிப்படை உரிமை மனுவைக் கேட்கும் அதிகாரம் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கே உண்டு. உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என 126ஆம் உறுப்புரை விதிக்கின்றது. சீனன்குடாவில் வலை இழுத்து அன்றாடம் பிழைக்கும் ஒருவர், ஒரு மாதத்துக்குள் சட்டத்தரணியைத் தேடி, பத்திரங்களை ஒழுங்கு செய்து, நாட்டின் மறுகரைக்குச் செல்வது எளிதன்று. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அம்மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கிற் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சலுகை தருகின்றது. அவ்வாணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் அலுவலகம் உண்டு. இதனை அறிந்தோர் சிலரே. உரிமையை அறியாதவனுக்கு உரிமை இருந்தும் பயனில்லை. ஆதலின், அறிந்தோர் அறியாதோர்க்கு எடுத்துரைப்பதும் ஒரு கடமையே.

பொதுச் சொத்தைப் பற்றிய மனு எப்போதோ ஒருமுறை எழுவது. அன்றாட வாழ்விற் குடிமகனை நீதிமன்றம் வேண்டி அழைப்பது பெரும்பாலும் சாட்சி சொல்வதற்கே. இங்கேதான் கடமையுணர்ச்சி மிகுதியும் தளர்ந்து காணப்படுகின்றது. ‘கோட்டுப்படி ஏறக்கூடாது’ என்பது பல குடும்பங்களிற் பெரியோர் கூறும் அறிவுரை. வீதியில் விபத்து நேர்ந்தால் நூறுபேர் கூடுவர். அடிபட்டவரைத் தூக்கி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு செல்லப் பலரும் முன்வருவர். கண்டதைச் சொல்ல யார் வருவீர் எனப் பொலிசார் கேட்டால், கூட்டம் மெல்லக் கலைந்துவிடும். அம்மனிதர் கல்நெஞ்சர் அல்லர். ஒருநாட் சாட்சிக்காகப் பலநாள் அலைய வேண்டும், தவணைமேற் தவணை விழும், அன்றைய கூலி போகும் என்பதே அவர்கள் அச்சம்.

கடற்கரையிலும் இதே நிலைதான். வெடிவைத்து மீன் பிடித்தல் சட்டத்தாற் தடுக்கப்பட்டது. வெடியினால் இறப்பவை பிடிப்பவன் கைக்கு வரும் மீன்கள் மட்டுமல்ல. குஞ்சுகளும் முட்டைகளும் மீன் தங்கும் முருகைக் கற்களும் சேர்ந்தே அழியும். அழிவது அயலவன் நாளைக்குப் பிடிக்கவேண்டிய மீன். எனினும் வெடி வைத்தவர் யாரென அறிந்தோர் வாய்திறப்பது அரிது. அவர் உறவினராயிருப்பர், அல்லது ஒரே துறையில் வள்ளம் கட்டுபவராயிருப்பர், அல்லது அவருக்குப் பின்னால் வலியவர் எவரோ இருப்பர். சாட்சியில்லா வழக்கை நீதவான் என்ன செய்ய இயலும்? வழக்குத் தள்ளுபடியான பின்னர், ‘கோட்டில் நீதி இல்லை’ என்று கூறுவோருள் அன்று மௌனமாயிருந்தவரும் இருப்பர்.

ஆயினும், குடிமகன் மௌனத்தைக் கண்டித்தல் எளிது. அவன் பேசியபோது நேர்ந்தது யாது என்பதையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். திருகோணமலை மாவட்டமே அதற்குச் சாட்சி.

கொட்டியாரக் குடாவின் தெற்கே, மூதூர்ப் பகுதியிற் கிளிவெட்டியை அடுத்துள்ளது குமாரபுரம். 1996ஆம் ஆண்டு பெப்ருவரி 11ஆந் தேதி அவ்வூரிற் பெண்களும் பிள்ளைகளும் உட்பட 24 பேர் கொல்லப்பட்டனர். படையினர் கைதுசெய்யப்பட்டனர். உயிர்தப்பியோர் சாட்சியம் அளிக்க முன்வந்தனர். உழுதும் கூலிசெய்தும் வாழ்ந்த அம்மக்களுக்கு நீதிமன்றம் பழக்கமான இடமன்று; குற்றஞ் சாட்டப்பட்டவரோ ஆயுதமேந்திய படையைச் சேர்ந்தவர்; நாட்டிற் போர் நடந்துகொண்டிருந்தது. எனினும் அவர்கள் சென்றனர். வழக்கு பின்னர் மாவட்டத்துக்கு வெளியே, அநுராதபுர மேல் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆண்டுகள் கழிந்தன. குழந்தையாயிருந்து தப்பியோர் வளர்ந்து பெரியோராயினர். 2016ஆம் ஆண்டு யூலையில், சிங்களம் பேசும் யூரர் எழுவரின் முடிவுப்படி, எஞ்சியிருந்த ஆறு எதிரிகளும் குற்றவாளிகள் அல்லர் என விடுதலை செய்யப்பட்டனர். நிகழ்ச்சிக்கும் தீர்ப்புக்கும் இடையே இருபது ஆண்டுகள்.

யூரர் முறையைப் பற்றி இங்கு ஒருவார்த்தை கூறுதல் தகும். 1811ஆம் ஆண்டளவில், பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் என்பாரின் முயற்சியால் அம்முறை இந்நாட்டு மக்களுக்கும் விரிக்கப்பட்டது. தம்மவருக்கு நீதி வழங்குவதில் மக்களுக்கும் பங்கு கொடுத்தால், சட்டத்தின்மீது அவர்களுக்கு மதிப்பும் பற்றும் உண்டாகும் என்பது அவர் எண்ணம். குடிமகன் கடமையையும் நீதிமன்ற நம்பிக்கையையும் ஒரே முடிச்சிற் கட்டிய ஏற்பாடு அது. இன்றுள்ள சட்டப்படி யூரர் எழுவர். ஐவரேனும் ஒத்த முடிவுக்கு வருதல் வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் எம்மொழி பேசும் யூரர் வேண்டும் எனத் தெரிவு செய்யும் உரிமை எதிரிக்கு உண்டு. தன் மொழியிலே தன் வழக்குக் கேட்கப்பட வேண்டும் என்று எதிரி விரும்புவது நியாயமே. ஆனால், தாயையோ பிள்ளையையோ இழந்து சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கு அதேபோன்ற தெரிவு இல்லை. அவர் சொன்னது மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாகவே யூரர் செவியை அடைகின்றது. சொல் அடையலாம், சொல்லினூடே நின்ற நடுக்கமும் தயக்கமும் உறுதியும் எவ்வளவு அடையும்? அந்த யூரர் மனமறிந்து அநீதி செய்தனர் என்று எவரும் கூறவேண்டியதில்லை. மக்களின் பங்கினால் நம்பிக்கையை வளர்க்கவென்று வந்த ஒரு முறை, ஒருசாரார் பங்கின்றி நடந்தபோது, அச்சாராரிடம் நம்பிக்கையை வளர்க்கவில்லை என்பதே உண்மை.

இரண்டாவது நிகழ்ச்சி திருகோணமலை நகரத்தது. 2006ஆம் ஆண்டு சனவரி 2ஆந் தேதி மாலை, கடற்கரையிற் காந்தி சிலையருகே ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்தே அவர்கள் இறந்தனர் எனத் தொடக்கத்திற் கூறப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை மருத்துவப் பரிசோதனை காட்டியது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களும் காட்டின. அவர் அதே மாதம் 24ஆந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். மகனை இழந்த தந்தையொருவர், தாம் அறிந்ததை மரண விசாரணையிற் கூறினார். அவருக்கு அச்சுறுத்தல்கள் வந்தன. இறுதியில் அவர் நாட்டை விட்டே செல்ல நேர்ந்தது. 2013ஆம் ஆண்டில் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேர் கைதுசெய்யப்பட்டனர். 2019ஆம் ஆண்டு யூலையிற் போதிய சாட்சியம் இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

போதிய சாட்சியம் இல்லை என்பது சட்டத்தின் சொல். சாட்சியம் இன்றி ஒருவரையும் தண்டித்தலாகாது என்பது நீதியின் முதல் விதி. பாண்டியன் பிழைத்தது அவ்விதியையே. ஆனால் சாட்சியம் ஏன் இல்லாமற் போயிற்று என்ற வினாவுக்கு அக்கட்டளை விடை சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடம் நீதவானின் ஆசனமும் அன்று. படம் எடுத்தவரைக் காத்திருக்க வேண்டியதும், சாட்சி சொன்னவரை ஊரிலே இருக்கச் செய்திருக்க வேண்டியதும் அரசின் கடமை. குடிமகன் தன் கடமையைச் செய்தான். அவனைக் காக்கும் கடமை செய்யப்படவில்லை. அதன் விளைவு ஐந்து குடும்பங்களோடு முடியவில்லை. ‘கோட்டுப்படி ஏறக்கூடாது’ என்ற பழைய அறிவுரைக்கு அது இன்னுமொரு தலைமுறை ஆயுளைக் கொடுத்தது.

இருண்ட பக்கத்தை மட்டும் காட்டுவதும் முறையன்று. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு திசெம்பரிற் சிறு பிள்ளை உட்பட எண்மர் கொல்லப்பட்டனர். தப்பிப் பிழைத்தவர் ஒருவரின் சாட்சியம் வழக்குக்கு ஆதாரமாயிற்று. 2015ஆம் ஆண்டிற் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் ஒருவரைக் குற்றவாளியாகக் கண்டது. 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஒரு சாதாரண மனிதர் கண்டதைக் கண்டபடி சொன்னார். இரு மன்றங்கள் ஆராய்ந்து ஏற்றன. நீதித்துறையின்மீது நம்பிக்கை வேரூன்றுவதற்கு இதைவிட வேறு வழி இல்லை. ஆனால் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் அக்குற்றவாளிக்குச் சனாதிபதி மன்னிப்பு வழங்கப்பட்டது. இரு மன்றங்கள் பல்லாண்டு ஆராய்ந்து கட்டியது ஒரு கையொப்பத்தினாற் சரிந்தது.

மன்னிப்பு அதிகாரமும் எல்லையற்றதன்று என்பதைப் பின்னர் வேறொரு வழக்கு காட்டிற்று. கொலைக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்ட முன்னைய பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 2021ஆம் ஆண்டில் மன்னிப்பு வழங்கப்பட்டது. கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் அதனை எதிர்த்து மன்றேறினர். 2024ஆம் ஆண்டு சனவரியில் உயர் நீதிமன்றம் அம்மன்னிப்பைச் செல்லாததாக்கிற்று. இழப்பினாற் சோர்ந்திருக்க வேண்டியவர் மீண்டும் மன்றேறிக் கேட்டதனாலே, நாட்டின் அதியுயர் பதவிக்கும் ஓர் எல்லை வரையப்பட்டது.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கின் பெறப்படுவது யாது? நீதிமன்றத்தை நம்புக என்று மக்களுக்கு அறிவுரை கூறுவதனால் மட்டும் நம்பிக்கை பிறவாது. மன்றமும் அரசும் மக்களுக்குச் செலுத்தவேண்டிய கடன்கள் சில உள்ளன. முதலாவது காலம். சாட்சியின் நினைவு மங்குமுன், கண்ணீர் வற்றுமுன், வழக்கு முடிதல் வேண்டும். இரண்டாவது மொழி. 1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்ற மொழியாக்கியபோது தமிழ் மக்கள் அடைந்த மனக்கசப்பைப் பெரியோர் அறிவர். 1973ஆம் ஆண்டின் சட்டமும் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் வடக்கிலும் கிழக்கிலும் தமிழுக்கு இடந்தந்தன. ஆயினும் தமிழர் வழக்கு வேறு மாகாணத்துக்குச் செல்லும்போது அந்த இடம் மீண்டும் ஒடுங்கிவிடுகின்றது. மூன்றாவது பாதுகாப்பு. 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் முதன்முதலாகச் சாட்சிகளின் பாதுகாப்புக்கென அதிகாரசபையொன்று அமைக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இச்சட்டங்கள் 1996ஆம் ஆண்டிலோ 2006ஆம் ஆண்டிலோ இருந்திருந்தால் என்று பலர் எண்ணக்கூடும். இனிச் சாட்சி சொல்ல வருபவர் அவற்றை ஏட்டிற் காண்பதோடு அமையாது, தம் வீட்டு வாயிலிலும் காண்பாராயின், அச்சட்டங்கள் பயனுடையனவாகும்.

குடிமக்கள் தரப்பிலும் கடன்கள் உண்டு. அழைப்பாணை வந்தாற் செல்லுதல்; கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூறுதல்; தம் இனத்தவன், தம் மதத்தவன், தம் ஊரவன் என்பதற்காகப் பொய் கூறாதிருத்தல்; யூரராக அழைக்கப்படின் தட்டிக்கழிக்க வழி தேடாதிருத்தல்; வழக்கு முடியுமுன் வதந்தியால் ஒருவரைக் குற்றவாளியாக்காதிருத்தல். இவற்றுள் மூன்றாவது மிகக் கடினமானது. திருகோணமலை மாவட்டத்திலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழ்கின்றனர். காணிப் பிணக்கும் கடற்பிணக்கும் அங்கு எளிதில் இனப் பிணக்காக மாறிவிடும். அத்தகைய இடத்தில், தன் பக்கத்தவன் செய்த தவற்றைத் தானே முன்வந்து சொல்லும் ஒரு சாட்சி, நூறு சமாதானக் கூட்டங்கள் செய்யாததைச் செய்துவிடுவான். அயலவன் மனத்தில், ‘இவர்களிடையேயும் உண்மை சொல்வோர் உளர்’ என்ற எண்ணம் பிறக்கும். அவ்வெண்ணமே நாளை அவனையும் உண்மை சொல்லத் தூண்டும்.

கடமையைச் செய்தும் பயன் காணாதவர்க்கு மீண்டும் கடமையைச் செய்க என்று கூறுவது கொடுமை அன்றோ என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. குமாரபுரத்து மக்களிடம் இருபது ஆண்டுக்குப் பின்னர் இன்னும் பொறுமை வேண்டும் எனக் கூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், அவர்கள் சாட்சியம் வீணாயிற்று என்று கூறுவதும் பொருந்தாது. அவர்கள் சென்று சொன்னதனாலேயே, அங்கு நிகழ்ந்தது வதந்தியாகவோ மறுப்பாகவோ முடிந்துபோகாமல், ஒரு நீதிமன்றத்தின் ஏட்டில் நாளும் இடமும் குறித்து நிற்கின்றது. யூரர் முடிவு எதிரிகள் அறுவரைப் பற்றியது. 24 பேர் கொல்லப்பட்டனர் என்பதை அம்முடிவு அழிக்கவில்லை. அங்கே இன்னும் விடை பெறாத ஒரு வழக்கு இருக்கின்றது என்பதை அவ்வேடு எவருக்கும் நினைவூட்டும்.

நீதிமன்றத்தின் கட்டடமும் கறுப்பங்கியும் அரச இலச்சினையும் அச்சத்தைத் தரலாம், நம்பிக்கையைத் தரமாட்டா. சொல்ல வருபவன் அச்சமின்றி வருதலும், கேட்பவர் பட்சமின்றிக் கேட்டலும், இரண்டும் காலந் தாழ்த்தாது நடைபெறுதலுமே அதனைத் தரும். இவற்றுள் முதலாவது குடிமக்களாலும், ஏனையவை மன்றினாலும், அனைத்திற்கும் வேண்டிய காவல் அரசினாலும் ஆகவேண்டியவை. அடுத்தமுறை சீனன்குடாவிலோ மூதூரிலோ ஒரு மனிதருக்கு அழைப்பாணை வரும்போது, அவர் அதனை மடித்து வைத்துவிட்டு வேறூருக்குப் போவாரா, அன்றித் தூய ஆடை உடுத்து நீதிமன்றத்துக்குச் செல்வாரா என்பதைக் கொண்டே இந்நாட்டின் நீதித்துறை எந்நிலையில் நிற்கின்றது என்பதை அளந்தறியலாம்.